விட்ட ஊசியைப் போட்டுடுங்க

ஆறாவது வாரத்துல பென்டாவேலன்ட் ஊசி போட்ட குழந்தையைத் தூக்கிட்டு வர்ற அம்மாக்கள் கேக்குறது இதுதான்: "ராத்திரியெல்லாம் காய்ச்சல், ஒரே அழுகை. பத்தாவது வாரமும் பதினாலாவது வாரமும் திரும்பப் போட்டே ஆகணுமா டாக்டர்?" போட்டே ஆகணும்மா. ஏன்னு சொல்றேன்.

நம்மகிட்ட புரதம் செய்யுற ஜீன்கள் சுமார் 20,000தான். ஆனா கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடி கோடிக்கணக்குல விதவிதமா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜீன்னா எப்படிக் கட்டுப்படியாகும்? 1976-ல சுவிட்சர்லாந்து பாசல் நகரத்துல சுசுமு டோனெகாவா இதை அவிழ்த்தார். எலிக்கருவுல தள்ளித்தள்ளிக் கிடந்த ஜீன் துண்டுகள், ஆன்டிபாடி சுரக்குற செல்லுல இடம் மாறிக் கிட்ட வந்திருந்துச்சு. 1987-ல நோபல் பரிசு அவருக்கு.

ஆன்டிபாடி சுரக்குறது பி செல். எலும்பு மஜ்ஜையில ஒவ்வொரு பி செல்லும் பிறக்கும்போது இந்த இடமாற்றம் நடக்குது. ஜீன் துண்டுல மூணு வகை: வி துண்டு சுமார் 40, டி துண்டு 23, ஜே துண்டு 6. மூணுலயும் ஒவ்வொண்ணை எடுத்து, நடுவுல உள்ளதை வெட்டி எறிஞ்சுட்டு ஒட்டிக்கும். ஆன்டிபாடியோட ஒரு பாதிக்கு இதுலயே 5,000 தினுசுக்கு மேல வந்துடும். இன்னொரு பாதிக்கும் தனியா இதே மாதிரி குலுக்கல். எனக்கு இன்னும் மலைப்பா இருக்குறது அந்த ஒட்டு விழுற இடம்தான். அங்க ஒரு என்சைம், எதையும் பாத்து எழுதாம, தன் போக்குல ஜீன் எழுத்துக்களைச் சொருகுது. உங்க குழந்தைகிட்ட இருக்குற சில ஆன்டிபாடிகள் உலகத்துல வேற யார்கிட்டயும் இருக்காது.

ஆனா குலுக்கல்ல விழுந்தது கிருமியை ஏனோதானோன்னுதான் பிடிக்கும். கால்ல முள் குத்தினா தொடை இடுக்குல நெறி கட்டுமே, ஊசி போட்டதும் அந்த மாதிரி நெறிக்குள்ளதான் அடுத்த வேலை. அங்க பி செல் தன் ஆன்டிபாடி ஜீனை மறுபடி மாத்தி மாத்திப் பாக்கும். இறுக்கிப் பிடிக்கிறது பிழைக்கும், மத்தது செத்துப்போகும். இப்படித் தேறி வர வாரக்கணக்குல ஆகும். அதனாலதான் நாலு வார இடைவெளி. அடுத்த ஊசி போட்டதும், தேறின செல்லெல்லாம் மளமளன்னு பெருகும்.

வலிப்பு, மூச்சுத்திணறல்னு ஏதாவது வந்திருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. வெறும் காய்ச்சலுக்காக நிறுத்த வேண்டாம். தேதி தவறிப்போச்சா? முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலேருந்து போட்டுக்கலாம். வர்ற புதன்கிழமை அட்டையை எடுத்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிட்டு வந்துடுங்க.