அடுகோடியில் ஒரு ஜாவா

அடுகோடியில் எங்கள் இல்லத்துப் பின்கட்டில் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் இருபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. மைசூரில் 1961-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஆக்கம் அது. காலஞ்சென்ற தந்தையார் அதிலேறித்தான் அடுகோடி மைக்கோ ஆலைக்குச் சென்றுவந்தார். நடந்தே செல்லும் தொலைவுதான். ஆயினும் வண்டியில் செல்வது அவருக்குப் பெருமை!

உடன்பிறந்தார் இருவராகிய நாங்கள் சென்ற ஆண்டு அதனைப் பிரித்தோம். இவ்வகை இரு வீச்சு இயந்திரத்துக்கு மசகெண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றவேண்டும். எவரோ கலவாமல் ஓட்டியதால் சிலிண்டர் கீறலுற்றிருந்தது. துருவும் சேரப் பிஸ்டன் இறுகிவிட்டது. டீசலில் மூன்று நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினோம். அசைந்தது. பின்னர் சிலிண்டரைக் கடைசலிட்டுச் சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்தினோம். கிளப்புகின்ற உதைமிதியே கியர் மிதியாகவும் திரும்பும் விந்தையைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர்.

பெட்ரோல் தொட்டியின் இருமருங்கிலுமுள்ள ரப்பர்ப் பட்டைகளில் தந்தையாரின் முழங்கால் உரசிய தேய்வு இருந்தது. புதியவை வாங்கியிருந்தோம், அன்னையார் மாற்ற விடவில்லை. அவர் கூறியதே சரி.

ஒரு மாலையில் நீலப்புகையுடன் வண்டி முழங்கிற்று. உள்ளேயிருந்த அன்னையார், தம்மையறியாமல், அடுப்பில் காப்பிக்கு நீர் வைத்துவிட்டார்.