புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்து, மிச்சமுள்ள நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் தோசை மாவு காத்திருக்கும் என்பது தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கீழே அறிவிப்புப் பலகையில் ஒரு மாதமாக ஒரு நோட்டீஸ் தொங்குகிறது. பிள்ளைகளின் நடுமூளையைத் தூண்டிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டே எழுத்தையும் நிறத்தையும் சொல்ல வைப்பார்களாம். ஞாபகசக்தி பெருகுமாம், மார்க் ஏறுமாம். அந்த வகுப்புக்கு நம் பொது ஹாலை சனி, ஞாயிறு வாடகைக்குக் கேட்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் முடிவு செய்ய வேண்டும். தொடக்கப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த ஆள் என்பதால், மூளையைப் பற்றி உண்மையில் தெரிந்தது என்ன, அதில் வகுப்பறைக்கு ஆகக்கூடியது என்ன என்று சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

கண்கட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்குள் வெளிச்சம் போகாமல் அச்சிட்ட எழுத்தைப் பார்க்க மூளைக்கு வழி கிடையாது. நடுமூளை என்று ஒரு பகுதி இருப்பது உண்மை. கண் அசைவது, சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவது போன்ற வேலைகளை அது பிறந்த நாளிலிருந்தே செய்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் பணம் வாங்கிக்கொண்டு வந்து எழுப்ப வேண்டியதில்லை. துணி கட்டினாலும் மூக்கோரம் ஒரு இடைவெளி இருக்கும். பிள்ளைகள் அது வழியாகப் பார்த்துச் சொல்கிறார்கள். பணம் போவதைவிட எனக்கு உறுத்துவது வேறு. எட்டு வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்துச் சொல்கிறது, அம்மா அப்பா கைதட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரியும். அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

இதன் சொந்தக்காரர்கள் இன்னும் சிலர் உண்டு. மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது என்பார்கள்; தவறு, முழு மூளையும் வேலை செய்கிறது, தூங்கும்போதுகூட. “என் பொண்ணு பார்த்தாத்தான் படிப்பா, கேட்டா ஏறாது” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வாசகம். 2008-ல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதுபற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். பிள்ளையின் ‘பாணி’க்கு ஏற்றபடி பிரித்துப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு. வரைபடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், பாட்டைக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். அது பாடத்தைப் பொறுத்த விஷயம்.

சரி, உண்மையான சங்கதி என்ன? அதற்கு வெளிநாட்டுக்குப் போகுமுன் நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது இங்கே உள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போய்வந்த பெண்கள் வேலை முடிந்து வந்து எழுத்துக் கூட்டினார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டியதைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதை நாடே படித்தது. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்று அன்று கேலி பேசியவர்களும் உண்டு.

வளையும் என்று இப்போது படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். 2010-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் டெஹானும் அவர் குழுவினரும் பிரேசில், போர்ச்சுகல் நாட்டுப் பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சிறு வயதில் கற்றவர்கள், பெரியவர்களான பிறகு கற்றவர்கள் என மூன்று வகையினர். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மூளையின் இடப்பக்கம், பின்புறக் கீழ்ப்பகுதியில் ஓரிடம் எழுத்துக்கென்றே பழகிப்போயிருந்தது. வளர்ந்த பிறகு கற்றவர்களுக்கும் அது உருவாகியிருந்தது. 2017-ல் நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. லக்னோ பக்கத்துக் கிராமங்களில், பள்ளிக்கூடமே போகாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், ஆறு மாதம் இந்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்து முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். மேல்மூளையில் மட்டுமல்ல, தலாமஸ், மூளைத்தண்டு என்று ஆழத்தில் உள்ள பகுதிகள் பார்வைப் பகுதியோடு சேர்ந்து இயங்கும் விதமும் மாறியிருந்தது. ஆறே மாதத்தில்! நம் குவாரி அக்காக்களின் தலைக்குள்ளும் அன்று இதுபோல் ஏதோ நடந்திருக்கும் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

இதில் வகுப்பறைக்கு என்ன இருக்கிறது என்றால், பேச்சு தானாக வரும், வாசிப்பு தானாக வராது என்பது. மனிதர் பேசத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள். எழுத்து அதற்கு முன்னால் நேற்று வந்தது. அதற்கென்று பிறவியிலேயே இடம் ஒதுக்கப்படவில்லை. முகத்தையும் உருவத்தையும் அடையாளம் காண இருந்த இடத்தில்தான் எழுத்துக்கும் ஒரு மூலை பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை ‘மக்கு’ என்று யாராவது சொன்னால், பாதை இன்னும் போட்டு முடியவில்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஐந்து வயதில் 3-ஐத் திருப்பிப் போடுவது, ஆங்கில ‘பி’-யையும் ‘டி’-யையும் குழப்புவது எல்லாம் இதில் சேர்ந்தவை. டம்ளரை இடமாகத் திருப்பினாலும் வலமாகத் திருப்பினாலும் டம்ளர்தான் என்று அதுவரை கற்ற கண், எழுத்து அப்படியில்லை என்று புதிதாகக் கற்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து, நம் போன்ற உயிர்மெய் எழுத்து முறையில் எழுத்துகள் முழுதும் கைவரத் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரைகூட ஆகிறது என்று 2007-ல் எழுதினார். ஆங்கிலத்துக்கு 26. நமக்கு அட்டவணையில் 247. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் காவல். இதை யு.கே.ஜி. முடிவதற்குள் முடிக்கச் சொல்லி டியூஷன் வைப்பது யாருக்காக?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்து, தாளை மூடிவிட்டு நினைவிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு தடவை படித்தவர்களே மேல். 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை திரும்பிவிட்டது. இரண்டு தடவை படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் மிச்சம், மூடி எழுதியவர்களுக்கு 56.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரி பழகிப்போகும். பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும்தான் வித்தியாசம் தெரியும். “வீட்ல எல்லாம் கரெக்டா சொன்னானே சார்” என்று எத்தனை பெற்றோர் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்! அவன் பொய் சொல்லவில்லை. புத்தகம் திறந்திருந்தது, அவ்வளவுதான். வகுப்பில் நான் செய்தது எளிய வேலை. பாடம் தொடங்குமுன் முதல் ஐந்து நிமிடம், நேற்று நடத்தியதில் மூன்று கேள்வி, போன வாரம் நடத்தியதில் ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. மார்க் கிடையாது, திட்டு கிடையாது. மார்க் போட்டால் பிள்ளை பயந்து பக்கத்தில் எட்டிப் பார்க்கும்; நமக்கு வேண்டியது அது தன் தலைக்குள் தேடுவது. போன மாதத்துக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. கற்றது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாகக் கரைகிறது என்று ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்டால் அடுத்த முறை மெதுவாகத்தான் மறக்கும். ஒரே நாளில் நாலு மணி நேரம் உருப்போடுவதைவிட, நாலு நாள் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் மேல்.

இதையெல்லாம் கேட்டால் நம் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் சிரிப்பார். அங்கே பிள்ளைகள் எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, தான் நடத்திய பள்ளியில் கைக்கொண்டு, பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். எழுதப் படிக்கத் தெரியாத சிறுபிள்ளைகள் எழுத்தைக் கையால் எழுதிப் பழகினால், தட்டச்சு செய்து பழகுவதைவிட மூளையின் வாசிப்புப் பகுதிகள் நன்றாக இயங்குகின்றன என்று 2012-ல் கரின் ஜேம்ஸ் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். எண்சுவடியைப் பார்க்காமல் ஒப்பிப்பதும் அந்தப் பள்ளியின் அன்றாடம். அரை, கால், மாகாணி என்று பின்ன வாய்பாடும் அதில் உண்டு. அது வெறும் மனப்பாடமல்ல, நினைவாற்றலே அங்கே கற்கும் முறையாக இருந்தது என்று ஆய்வாளர் செந்தில் பாபு எழுதியிருக்கிறார். இதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். பிரம்பும் கோதண்டமும் இருந்த இடம் அது. யார் பிள்ளை திண்ணை ஏறலாம், யார் பிள்ளை ஏறக்கூடாது என்றும் இருந்தது.

வாய்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மனதில் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியது நாலைந்து விஷயம்தான். பெரியவர்களுக்கே அவ்வளவுதான். வகுத்தல் கணக்குப் போடும் பிள்ளை ஏழெட்டு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால், எந்தப் படியில் நின்றோம் என்பதே கைநழுவிவிடும். வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கு அந்த இடம் காலியாக இருக்கும். ஆகவே வாய்பாடு வேண்டும், புரிந்த வாய்பாடு வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரவு ஒரு மணி வரை உட்கார வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பகலில் கற்றது உறைவது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டினால் படித்ததைத்தான் வெட்டுகிறீர்கள்.

அரசுப் பள்ளிகளில் இதெல்லாம் நடக்கிறதா என்று சிலர் கேட்டீர்கள். முயன்றிருக்கிறார்கள். செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி வைத்து, பிள்ளை தான் நிற்கும் படியிலிருந்து அட்டை எடுத்துப் படிக்கும் முறை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பதிவேடும் நிரப்ப வேண்டியிருந்தால், அட்டை அலமாரியிலேயே தூங்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கவர்ந்தது இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய். அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடியதில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அதிகம் இழந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வேகமாக மீண்டவர்களும் அவர்களே.

இதனால்தான் ஹாலைப் பற்றி எனக்கு ஒரு யோசனை. மாலை ஆறு மணிக்கு பி பிளாக் படிக்கட்டில் பாருங்கள். அம்மா நம் வீடுகளில் பாத்திரம் கழுவி முடித்து வரும்வரை இரண்டு பிள்ளைகள் செல்போனில் தலை கவிழ்த்து உட்கார்ந்திருக்கும். செக்யூரிட்டி அண்ணன் மகள் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து எழுதுகிறாள். நம் பிள்ளைகள் மேலே, ஆளுக்கொரு டியூஷனில். வாரத்தில் நான்கு நாள், ஆறரை முதல் ஏழரை வரை ஹாலைத் திறந்துவிட்டால் இவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்காரலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, புத்தகத்தை மூடச் சொல்லி, “என்ன படிச்சே, சொல்லு” என்று கேட்டால் போதும். பதில் வரக் கொஞ்ச நேரமாகும். பொறுங்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். தவறாகச் சொன்னால் அப்போதே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு அன்று நடந்தே நம் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம். 1910-ல் தொடங்கிய இடம், வாசலோரம் குடியிருந்தும் உள்ளே போகாதவர்கள் நம்மில் இருக்கிறோம். அங்கே போட்டோ எடுக்க விடாதீர்கள். செவ்வாய்க்கிழமை ஹாலில் உட்கார வைத்து, பார்த்த ஒரு பொருளை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள்.

ஹால் வாடகை போகிறதே என்று பொருளாளர் பார்க்கிறார். அவர் கணக்கை அவர் சொல்லட்டும், நான் குறுக்கே வரவில்லை. கரும்பலகை ஒன்று என் பால்கனியில் சும்மா கிடக்கிறது. பாய் இரண்டு வேண்டும். மாலையில் உட்கார இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் கிடைத்தால் முறை போட்டுக்கொள்ளலாம். பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.