திறவுகோல் யாரிடம் இருக்கிறது?

(பேகம்பூரில் நடந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில், ஐதரலியின் உடன்பிறந்தாளாகிய அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்கும் இந்தப் பேகம்பூரில் கூடியிருக்கிறோம். ஆகவே பேச்சைப் பூட்டிலிருந்தே தொடங்குவது முறை. பூட்டைத் திறக்கும் கருவியை இன்று ஊரெல்லாம் 'சாவி' என்கிறது. அது போர்த்துக்கீசியன் விட்டுச்சென்ற சொல். திறவுகோல் என்னும் நம் சொல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க, அயலான் சொல்லை நாவில் ஏற்றிக்கொண்டோம். சொல்லை இழந்தது முதல் இழப்பு. இன்று அதனினும் பெரிய இழப்பொன்று வீடுதோறும் நடந்துகொண்டிருக்கிறது. பொருளுக்கு விலை கொடுப்பவர் நாம். அதன் திறவுகோலை வைத்திருப்பவன் அயலான். அந்தப் பொருளின் பெயர் மடிக்கணினி.

திண்டுக்கல் பூட்டின் சிறப்பு யாது? தகட்டை வெட்டி, அரத்தால் அராவி, உள்ளே நெம்புத் தகடுகளை அடுக்கி, பூட்டுக்கேற்ற திறவுகோலைக் கையாலேயே செய்கிறான் நம் தொழிலாளி. ஒன்றின் திறவுகோல் மற்றொன்றில் நுழையாது. 2019-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவன் அடுத்த தெருவில் இருப்பான். பழுதானால் அவனிடமே கொண்டுபோகலாம். அவன் ஊரில் இல்லையென்றால், தொழில் அறிந்த வேறொருவன் பிரித்துப் பார்த்துச் சீர்செய்வான். பூட்டை விற்றபின், "திறவுகோல் என்னிடமே இருக்கும்; உள்ளே என்ன இருக்கிறதென்று நீ பார்க்கக் கூடாது; பத்தாண்டு கழிந்தபின் நான் பொறுப்பில்லை; புதிதாக வாங்கிக்கொள்" என்று ஒரு கொல்லன் சொல்வானானால் ஊர் அவனை விட்டுவைக்குமா?

ஆனால் அதையே ஒரு பெருநிறுவனம் சொன்னபோது உலகம் தலையாட்டியது. 2015-இல் வெளிவந்த விண்டோசு 10 என்னும் இயங்குதளத்துக்கான காப்பு இற்றைப்பாடுகளை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்துவதாக மைக்ரோசாப்ட்டு நிறுவனம் அறிவித்தது. வேண்டுவோர் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஓராண்டு நீட்டிப்புப் பெறலாம் என்றது. அடுத்ததாகிய விண்டோசு 11-ஓ, புதிய செயலகமும் தனிக் காப்புச் சில்லும் உள்ள கணினியிலேதான் முறைப்படி ஏறும். திரை நன்றாயிருக்கிறது, விசைகள் நன்றாயிருக்கின்றன, மின்கலமும் உயிரோடிருக்கிறது. ஆயினும் "இது பழையது" என்று கடல்கடந்த ஒருவன் முத்திரை குத்துகிறான்.

தோல் பதனிடும் தொழிலாளியொருவர் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பல திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய கணினி அது. அதைத் தூக்கியெறிந்து வேறு வாங்கென்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு. அது நேற்று முளைத்ததும் அன்று. 1983-இல் அமெரிக்க நாட்டு இரிச்சர்டு சுடால்மன் என்பார், மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், அதன் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்குப் பகிரவும் உரிமை வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் மாணவராயிருந்த இலினசு தோர்வால்டுசு, கணினியின் உள்ளுயிராகிய கருநிரலை எழுதி உலகுக்குத் திறந்து வைத்தார். இவ்விரண்டும் கூடியதே இலினக்சு என்று வழங்கும் கட்டற்ற இயங்குதளம். ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே வருகின்றனர். ஒரு நிறுவனம் கைவிட்டால் மற்றொரு குழு கையிலெடுக்கும். திறவுகோல் ஊர்ப்பொதுவில் கிடக்கிறது.

'விலையில்லாமல் கிடைக்கிறது; அதனால் நல்லது' என்று மட்டும் இதனைப் போற்றுவார் உளர். அது சிறு பயனே. தமிழனுக்கு இதில் வேறொரு பெரும்பயன் உண்டு.

கணினித் திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் யார் முடிவு செய்வது? மைக்ரோசாப்ட்டும் தமிழ் முகப்புத் தந்ததுண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதில் எந்தச் சொல் நிற்க வேண்டும், எந்தப் பதிப்புவரை தமிழ் நீடிக்க வேண்டும் என்று இறுதியாக முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. கட்டற்ற மென்பொருளில் அந்த உரிமை நம்முடையது. கேடியீ, குனோம் என்னும் திரை முகப்புகளையும், இலிபர் ஆபீசு என்னும் அலுவலகத் தொகுப்பையும், பயர்பாக்சு என்னும் உலாவியையும் தமிழகத்திலும் ஈழத்திலும் மலேசியாவிலும் கனடாவிலும் உள்ள தமிழர் ஊதியம் கருதாது தமிழாக்கினர். 'கோப்பு', 'அடைவு', 'உலாவி', 'சேமி' என்று நம் பிள்ளைகள் திரையில் படிப்பது அத்தகையோர் இரவில் கண்விழித்த பயன். ஒரு சொல் பிழையென்று தோன்றினால் எந்தத் தமிழாசிரியரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். பிறமொழிச் சொல் கலந்துவிட்டதே என்று மேடையில் வருந்துவோர்க்கு, அதை நீக்கும் கருவியே கையில் தரப்பட்டிருக்கிறது. அதை எடுப்பார்தாம் குறைவு. மென்பொருள் புதுப் பதிப்பாக வரும்போதெல்லாம் புதுத் தொடர்கள் சேர்கின்றன. மொழிபெயர்க்க ஆளின்றி அவை ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகின்றன. குறை மென்பொருளினதன்று, நம்முடையது.

இனி, இந்த இயங்குதளத்தோடு மலிவான கணினியைச் செய்து தர எளிய நிறுவனங்கள் முயன்ற கதையைக் காண்போம். அமெரிக்காவின் தென்வர் நகரில் சிசுட்டம்76 என்னும் நிறுவனம் 2005 முதல் இலினக்சு ஏற்றிய கணினிகளையே விற்றுவருகிறது. செருமனியின் ஆக்சுபர்க்கில் துக்சிடோ என்றொரு நிறுவனம் உள்ளது. இவற்றின் பொருள்கள் தரமானவை. விலையோ நமக்கு எட்டாதது. பைன்64 என்னும் சிறு நிறுவனம் 100 அமெரிக்கத் தாலருக்கும் குறைந்த விலையில் 'பைன்புக்கு' என்னும் மடிக்கணினியை 2017-இல் தந்தது. பின்னர் 200 தாலர் அளவில் மேம்பட்ட ஒன்றையும் தந்தது. மெலிந்த ஆற்றலுடையதுதான்; வாங்குபவன் தானே கற்றுத் தானே சீர்செய்யும் உறுதி வேண்டும். ஆயினும் எளிய விலையில் திறவுகோலையும் சேர்த்துத் தர முடியும் என்று அது மெய்ப்பித்தது.

வெளிநாட்டார் செய்தனர், நம்மவர் செய்யவில்லை என்று எண்ண வேண்டா. அவர்களுக்கு முன்பே, 2001-இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் நால்வரும் என்கோர் என்னும் சிறு மென்பொருள் நிறுவனத்தாரும் கூடிச் 'சிம்பியூட்டர்' என்னும் கையடக்கக் கணினியை உலகுக்குக் காட்டினர். அது இலினக்சில் இயங்கியது. எழுதப் படிக்க அறியாதாரும் பயன்கொள்ள இந்திய மொழிகளில் பேசிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஊருக்கு ஒரு கணினி இருந்தால் போதும், ஆளுக்கோர் அட்டையைச் செருகிப் பலரும் பயன்படுத்தலாம் என்று அமைத்தனர். 2004-இல் 'அமிதா' என்னும் பெயரில், ஏறத்தாழ 10,000 உருபாவில் தொடங்கும் விலையில் அது கடைக்கு வந்தது. வந்தும் என்ன? சில ஆயிரமே விற்றது. அரசுகள் பெருந்தொகையாக வாங்க முன்வரவில்லை. அதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது. அறிவு தோற்கவில்லை, அதை வாங்கிப் பயன்படுத்தும் மக்கள் கூட்டம் உருவாகாமையால் முயற்சி தோற்றது.

நம் தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். இங்கே வாங்குவதற்கு அரசே முன்வந்தது. எல்காட்டு என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15-இல், அறிஞர் அண்ணா பிறந்தநாளன்று, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் செயலலிதா தொடங்கிவைத்தார். பின்வந்த ஆண்டுகளில் 50 இலக்கத்தை ஒட்டிய கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோசோடு, சி-டாக்கு நடுவத்தார் 2007-இல் வெளியிட்ட 'பாசு' என்னும் இலினக்சு இயங்குதளமும் சேர்த்து ஏற்றப்பட்டது. உலகில் எத்தனை அரசுகள் இவ்வளவு பேர் கையில் கட்டற்ற மென்பொருளைக் கொடுத்திருக்கும்?

ஆனால் கேளுங்கள். அந்தக் கணினியைப் பெற்ற எத்தனை பேர் 'பாசு' என்னும் கதவைத் திறந்து பார்த்தீர்கள்? இந்த அவையில் உள்ள இளையோரே நெஞ்சைத் தொட்டு விடை சொல்லட்டும். திறவுகோல் கையில் இருந்தும் அது திறவுகோல் என்று சொல்லித்தர ஆளில்லை. சிம்பியூட்டரை வாங்குவார் இல்லை. 'பாசு' வீடுவரை வந்தும் தொடுவார் இல்லை.

அண்டை நாடாகிய கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தை அவர்கள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றினர். ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தனர். பாடநூலை அதற்கேற்ப எழுதினர். தேர்வையும் அதிலேயே நடத்தினர். மலையாளம் அவர்தம் பள்ளிக் கணினியில் இயல்பாக உலவுகிறது. நாம் கருவியைக் கொடுத்தோம். அவர்கள் பயிற்சியைக் கொடுத்தார்கள். கருவி தேயும், பயிற்சி வளரும். 2025 மார்ச்சுத் திங்கள் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, இரண்டாண்டுகளில் 20 இலக்கம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. பழைய பிழை மறுமுறையும் நிகழலாமா? கணினியோடு பயிற்சியையும் கேட்பது மாணவர் கடமை. தருவது ஆசிரியர் கடமை.

அரசு செய்யட்டும். அதுவரை நாம் செய்யத்தக்கது யாது? வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள்.

முதலாவது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நன்னிலையிலுள்ள பழைய மடிக்கணினி பலவற்றில் இலினக்சு இனிதே ஓடும். எட்டு கிகாபைட்டு நினைவகமும், சுழலும் தட்டுக்கு மாறாகச் சில்லாலான சேமிப்பகமும் இருப்பின் எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் தாராளம்.

இரண்டாவது, காசு கொடுக்குமுன் ஆய்ந்து பாருங்கள். இலினக்சை ஒரு விரலியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். கணினியில் நிறுவாமலேயே விரலியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அருகலை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று அங்கேயே அறியலாம். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்காமல் யார் விலை பேசுவார்?

மூன்றாவது, சிறு நிறுவனத்தாரிடம் வாங்குவோர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மின்கலமும் மின்னேற்றியும் தனியே கிடைக்குமா? பழுதானால் திருகாணியைக் கழற்றி நம்மூரிலேயே சீர்செய்யலாமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் வாங்கலாம். இல்லையேல் எத்துணை மலிவாயினும் அது மலிவன்று.

நான்காவது, குறையையும் அறிந்து செல்லுங்கள். கடைக்காரர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் சில விண்டோசை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஒருங்குறிக்கு மாற்றப்பட வேண்டும். முதல் இரு கிழமை கை தடுமாறும். இவற்றை மறைத்து விற்பது வணிகம். சொல்லி அழைப்பதே இயக்கம்.

ஐந்தாவது, கணினி வந்த அன்றே தமிழ்99 விசைப்பலகையை இயக்குங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என நம் இலக்கணத்தைப் பின்பற்றி அமைந்தது. ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழைப் பிறப்பிக்கும் அடிமைப் பழக்கம் இதில் இல்லை. அம்மாவை எழுத 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தின் இசைவு எதற்கு?

அவையீர்! அலிகரிலிருந்து எந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தபோது திண்டுக்கல் பட்டறைகள் பல அடங்கின. பூட்டின் தரம் குறைந்ததனால் அன்று. வாங்கும் நாம் உள்ளே பார்க்காமல் விலையை மட்டும் பார்த்ததனால். அந்தப் பிழையைக் கணினியிலும் செய்யாதீர். தெருவுக்கு ஓரிளைஞர் இலினக்சு நிறுவக் கற்றுக்கொள்ளட்டும். பள்ளிக்கு ஓராசிரியர் திரைச்சொற்களில் நாளுக்குப் பத்தைத் தமிழாக்கட்டும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் மாணவர் மடிக்கணினியை இன்றிரவே எடுத்துத் துடையுங்கள். அதனுள் உறங்கும் கதவைத் திறந்து பாருங்கள்.

பூட்டு செய்து உலகுக்குக் கொடுத்த ஊர் இது. திறவுகோலைப் பிறன் கையில் விட்டுவைத்த ஊர் என்னும் பழியை ஏற்கலாமா?

எழுக தமிழர்! வெல்க தமிழ்!