சாவி கையில் வந்தால் போதுமா?

"வாடகைக் காரில் எல்லை கடப்பது வசதியா, வம்பா?" என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி.

வசதி என்று வாதிட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் சொந்தக் கார் வாங்குவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. வயதான தாயாரையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, பேருந்திலிருந்து இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுவது எத்தனை சிரமம் என்பது பத்துமலைத் தைப்பூசத்திற்குப் போய்வந்த குடும்பங்களுக்குத் தெரியும். 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் சட்டம் மாறிவிடுகிறது. வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். எங்கே போகிறோம் என்று சொன்னால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். உள்ளூரில் ஓட்டத்தான் என்று சொல்லி, மலிவாக ஒரு காரை எடுக்கிறார்கள். யோங் பெங் அருகே மழையில் கார் சறுக்கி இன்னொரு வாகனத்தில் மோதுகிறது. ஒப்பந்தத்தில் சிங்கப்பூருக்குள் மட்டும் என்று எழுதியிருக்கிறது. காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். இழுவைக் கட்டணம், பழுதுபார்ப்புச் செலவு, கார் ஓடாத நாள்களுக்கான இழப்பு என எல்லாம் வாடகைக்கு எடுத்தவர் தலையில் விழும். எதிரே வந்தவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் பல ஆண்டுச் சேமிப்பே கரைந்துபோகும். மிச்சம்பிடித்தது சில பத்து வெள்ளி.

ஆகவே சாவியை வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. முதலாவது, மலேசியாவுக்குக் கொண்டு செல்ல நிறுவனம் எழுத்துமூலம் தரும் அனுமதிக் கடிதம். இரண்டாவது, காப்புறுதி எதுவரை செல்லும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற விவரம். மூன்றாவது, மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி. நிறுவனத்தின் பெயரில் உள்ள காருக்கு நிறுவனம்தான் அதைப் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இந்த விதி முழுமையாக அமலாக்கப்பட்டு, அனுமதியில்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது.

பெட்ரோல் விஷயத்திலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர்க் கார் எல்லையைக் கடக்கும்போது கலனில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்ற விதி 1991 முதல் நடப்பில் உள்ளது. குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கரையில் மானிய விலை ரான்95 பெட்ரோலை வெளிநாட்டு வாகனங்களுக்கு விற்க 2010 முதல் தடை இருக்கிறது.

பினாங்கைத் தாண்டி ஹட்யாய் வரை போக நினைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூர்க் காப்புறுதிகள் பலவும் தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைதான் செல்லும். ஹட்யாய் அதற்குள் அடங்கும், புக்கெட் அடங்காது. தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியைத் தனியாக வாங்க வேண்டும். வாடகை நிறுவனங்கள் பல அந்த எல்லையைக் கடக்கவே அனுமதிப்பதில்லை.

இனி எதிர்த்திசைக்கு வருவோம். ஜோகூர் பாருவில் வாடகை குறைவு, அங்கேயே எடுத்து வீடுவரை ஓட்டி வந்துவிடலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான காரைச் சிங்கப்பூருக்குள் ஓட்டக்கூடாது. அது குற்றம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சாவடியில் சொன்னால் எடுபடாது.

மலேசியாவில் விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். அந்தப் புகாரின் நகல் இல்லாமல் இழப்பீடு கோருவது கடினம்.

இத்தனையும் கேட்டுத் தெரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். கூடுதல் கட்டணம் கேட்டால் மனம் கோணாமல் கொடுத்துவிடலாம். பின்னிருக்கையில் தாயார் கண்ணயர்ந்திருக்க, வண்டி ஓட்டும் மகனுக்கு அந்தப் பணம் வாங்கித் தருவது நிம்மதி. வாடகைக் கார் வசதிதான், உண்மையைச் சொல்லி எடுப்பவர்களுக்கு.