கையெழுத்துக்குப் பிறகு ஒரு கணக்கு

மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டை வரை, தூண்களின் மேல் ஓடவிருந்த இலகு ரயில். ஏறத்தாழ 16 கிலோமீட்டர், 16 நிலையங்கள். இதற்காக 2019 மார்ச்சில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 சதவீதம், அடைக்க 40 ஆண்டு, முதல் 12 ஆண்டுக்கு அசலைத் தொடவே வேண்டாம். நகையை அடகு வைத்தால்கூட நமக்கு இப்படியொரு கடன் கிடைக்குமா, சொல்லுங்கள்!

2020 செப்டம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ அரசு திட்டத்தைக் கைவிட்டது. செலவு அதிகம், கொழும்புக்கு ஏற்றதல்ல என்றார்கள். டிக்கெட் பணம் கடனை அடைக்குமா, அதே தொகையில் பஸ் சேவையைச் சீர்செய்யலாமே என்பதெல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால், அவற்றைக் கையெழுத்துக்கு முன்னால் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? பின்னால் கேட்டதால், ஓடாத ரயிலுக்கும் செலவு வந்தது. திட்டத்தின் ஆலோசனை நிறுவனம் இழப்பீடு கேட்டது. ஜப்பானுக்கோ மனக்கசப்பு.

2022இல் இலங்கை கடன் தவணைகளையே நிறுத்த வேண்டிவந்தது. மறுபடி ஜப்பானின் தயவு தேவைப்பட்டது. 2023 மே மாதம் டோக்கியோ போன ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, அந்த ரத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.