ஊர்ப்பள்ளியும் சாத்திர தானமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். பல்கலைக்கழகங்களைப் பேசப் பலர் உளர். யான் ஊர்த் தொடக்கப்பள்ளியைப் பேச விழைகிறேன்.

முனிவர் உறைவிடம் 'பள்ளி' எனப்பட்டதும், அங்கே கல்வி நிகழ்ந்தமையால் அச்சொல் கல்விக்கூடத்துக்கு ஆயிற்று என அறிஞர் கூறுவதும் தாங்கள் அறிந்தவையே. பவணந்தியாரின் நன்னூலும் எழுத்திலக்கணத்துக்கு முன்பாகப் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை ஆகியவற்றையே வகுத்துரைக்கிறது.

புதுச்சேரி வில்லியனூர்க் கொம்யூனில் உள்ளது ஒதியம்பட்டு. ஒதிய மரத்தின் பெயர் தாங்கிய அச்சிற்றூர் இன்று புறநகராகி வருகிறது. கொம்யூன் என்னும் அமைப்பு 1880இல் பிரஞ்சு ஆட்சி தந்தது. அவ்வாட்சியின் பள்ளிகளில்தான் பாவேந்தர் பாரதிதாசன் 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் பணி தொடங்கி, 1946இல் ஓய்வு பெறும்வரை 37 ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கும் திட்டமும் அங்கு 1930இலேயே தொடங்கிற்று. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பின்னரும் அவ்வுணவு நிற்கவில்லை. பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்பதை அம்மண் முன்னரே அறிந்திருந்தது.

ஆனால் இத்தகைய புறநகர்களில் இன்று நாம் காண்பது என்ன? வயல்கள் மனைகளாகின்றன, புதுக்குடிகள் பெருகுகின்றன, அக்குடிகளின் பிள்ளைகளோ வேனில் ஏறித் தொலைவிலுள்ள தனியார் பள்ளிக்குச் செல்கின்றனர். நடந்து செல்லும் தொலைவிலுள்ள அரசுப் பள்ளி, கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கே உரியதாகிவிடுகிறது. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்த நேரும். அது கண்டு பெற்றோர் மேலும் விலகுவர். முடிவில், வேறு வழியில்லாத குழந்தையே இழப்பை ஏற்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் வேண்டுமென்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டுமென்றும் விதிக்கிறது. பள்ளியை ஊரார் கையில் ஒப்படைக்கும் ஏற்பாடு இது. ஊரார் திரும்பிப் பாராவிடில் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

"நம் பிள்ளைகள் அங்குப் படிக்கவில்லையே, நமக்கென்ன?" எனச் சிலர் வினவலாம். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் போற்றும் மரபினர் நாம். பசித்தவர்க்குச் சோறிடுங்கால் அவர் எவர் வீட்டார் எனக் கேட்பதில்லை. எழுத்தறியாக் குழந்தைக்கும் அங்ஙனமே. நூல் அச்சிட்டு வழங்குவது சாத்திர தானமாயின், அந்நூலைப் படிக்கவல்ல கண்களைத் திறப்பதும் அதுவேயன்றோ?

எனவே மூன்று வேண்டுகோள்கள். நம்முள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரம் ஒருமணி நேரம் தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியர் இசைவுடன் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படிக்கக் கற்பிக்கலாம். திருமணம், பிறந்தநாள் முதலிய நன்னாள்களில் ஒரு சிறுவர் நூலேனும் அப்பள்ளிக்கு வழங்கலாம். இளம்பெற்றோர் தம் பிள்ளையை எங்குச் சேர்ப்பது என முடிவெடுக்குமுன், அருகிலுள்ள அரசுப் பள்ளியின் வகுப்பறையை ஒருமுறை நேரில் சென்று காணலாம்.

கோயிலுக்குத் திருப்பணி செய்யும் கைகள் பள்ளிக்கும் நீளட்டும் என வேண்டி அமைகின்றேன்.

அறம் வளர்க! ஜெய ஜினேந்திரா!