சித்திர மண்டபத்துப் பையன்

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் பக்கத்தில் பொங்கலுக்கு மேடை நாடகம் போடுகிறவன் நான். இப்போது சரித்திரக் கதை என்றாலே பசங்கள், "சார், போர்க்களத்துக்குப் பெரிய திரை வைக்கலாமா?" என்கிறார்கள். ராஜா வேஷக்காரன் தொண்டை கிழியக் கத்தினால் அது வீரம். எனக்குப் பொறுக்கவில்லை.

யுத்த காலத்தில் தகப்பனை இழந்து பட்டத்துக்கு உரியவனாகும் பையனை எப்படி நடிப்பது? கல்கியின் 'பார்த்திபன் கனவு' நாவலில் விக்கிரமன் இருக்கிறானே, அவனைப் பாருங்கள். பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்து, சின்னப் படையோடு வெண்ணாற்றங்கரைக்குப் போய் மடிகிறான் அவன் தகப்பன், சோழ மன்னன் பார்த்திபன். 1960-ல் வந்த படத்தில் விக்கிரமன் ஜெமினி கணேசன், நரசிம்ம பல்லவர் ரங்காராவ்.

படம் இருக்கட்டும்; எனக்கு எல்லாம் கதையில் வரும் சித்திர மண்டபம்தான். போருக்குப் போகுமுன், தானே ரகசியமாக வரைந்த சித்திரங்களை மகனுக்குக் காட்டுகிறான் பார்த்திபன். புலிக்கொடி, படைகள், கப்பல்கள். அப்போது சோழநாடு ஒரு சிற்றரசு, கவனியுங்கள். அவன் விட்டுப்போவது நாடல்ல, சுவரில் இருக்கிற நாடு. மறுபடி சொல்கிறேன்: சுவரில் இருக்கிற நாடு! அரியணை ஏறும் காட்சியை நான் இங்கேயே வைத்துவிடுவேன். கிரீடம் கிடையாது, முரசு கிடையாது. பையன் சித்திரத்தைப் பார்க்க வேண்டும், தகப்பன் பையனைப் பார்க்க வேண்டும். வசனத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும்.

ஒருமுறை ஒத்திகையில் மைக் நின்றுபோனது. தகப்பனாக நடித்தவர் நிறுத்தாமல், காதோடு பேசுகிற மாதிரி பேசினார். வேடிக்கை பார்க்க வந்த பூ விற்கிற அம்மா, "அய்யோ, இந்த மனுஷன் திரும்பி வரமாட்டானே" என்றார். கதையே தெரியாது அவருக்கு.

இதில் இன்னொன்று. நாம் பூந்தமல்லிக்காரர்கள், தொண்டை மண்டலம். கணக்குப்படி காஞ்சி பல்லவர்தான் நம் ராஜா. விக்கிரமன் எதிரி வீட்டுப் பிள்ளை. ஆனாலும் நம் ஜனம் அவனுக்குத்தான் அழுகிறது. கல்கியும் விட்டாரா? அந்தப் பல்லவ சக்கரவர்த்தியையே சிவனடியார் வேஷத்தில் அனுப்பி, செத்துக்கொண்டிருக்கும் பகைவனுக்கு, அவன் மகனை வீரனாக வளர்ப்பதாக வாக்குக் கொடுக்க வைத்தார்.

வரும் பொங்கலுக்கு வாள் சண்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விக்கிரமனாக நடிக்கிற பையனுக்குக் கோபம், அட்டை வாள் வாங்கி வைத்திருக்கிறானாம். சுவரைப் பார்க்கப் பழகு, வாளை அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.